செவலை தின்ற பொங்கல்

"நீங்க இந்த மாட்டைப் பட்டினி போட்டுக் கொன்னுக்கிட்டு இருக்கீங்கம்மா" என்று மாட்டு டாக்டர் கோதண்டராமன் சொன்னதும் அனந்தமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், போய்யா நீயும் உன் வைத்தியமும் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவளிடம் போய்ச் சொல்லலாமா? குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய பூச்சியை மறுபடி கிணற்றிலேயே விட்டுவிட்டு வருகிறவள். கீரை ஆய உட்கார்ந்தால் புழு இருக்கிறதா என்று இலைக்கு இலை திருப்பிப் பார்க்கிறவள். செஞ்சியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஜைனக் குடும்பத்துப் பெண். கொல்லுவது என்ற சொல்லை அவள் வீட்டில் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். செவலை ஏழு மாதச் சினை. கறவை நின்றுவிட்டது. கன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் அனந்தமதி அதை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்திருந்தாள். டாக்டர் கன்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விலா எலும்பை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அனந்தமதி பெருமையாகத்தான் சொன்னாள். பகலில் கோட்டை அடிவாரத்தில் மேய்ச்சல், வீட்டுக்கு வந்தால் வைக்கோல், காலையும் மாலையும் கழுநீர். கறவை இருக்கும் வரை ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கு. கறவை நின்றால் புண்ணாக்கையும் நிறுத்திவிடுவது வழக்கம். ஊரே அப்படித்தான் செய்கிறது. கறக்காத மாட்டுக்குப் புண்ணாக்கு வைப்பவளைப் பைத்தியம் என்பார்கள்.

கறக்காத இந்த இரண்டு மாதம்தான் அதற்குத் தீனி அதிகம் வேண்டும் என்றார் டாக்டர். வயிற்றில் கன்று வளர்வது இப்போதுதான், மடி ஊறுவதும் இப்போதுதான். கோட்டை அடிவாரத்தில் ஆனி மாதத்தில் கல்லைத் தவிர என்ன இருக்கிறது மேய? ராத்திரிக்கு என்ன போடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டார்.

"எங்க வீட்ல பொழுது சாஞ்சா யாரும் வாயில ஒண்ணும் போடறதில்ல சார்" என்றாள் அனந்தமதி.

டாக்டர் செவலையைக் காட்டினார். "அந்த விரதத்தை மாடு எடுத்துக்கலியேம்மா" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதோடு மாட்டுக்கும் சேர்த்துத் தொட்டியைக் கவிழ்த்து வைப்பது அவள் மாமியார் காலத்துப் பழக்கம். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. பதின்மூன்று மணி நேரம் வாயில்லாத ஜீவன் ஒன்று வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறது, அதுவும் தன் கொட்டகையில், அதுவும் வயிற்றில் இன்னொரு உயிரோடு. அதை நினைத்துத் திடுக்கிட்டுப் போய், வீடு வரும் வரை மாட்டின் முகத்தையே பார்க்காமல் நடந்தாள்.

அன்று தொடங்கியது அந்த வீட்டில் டின் கணக்கு. காலியான பால் பவுடர் டின் ஒன்றை டாக்டரே கொடுத்திருந்தார். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு இரண்டு டின், தவிடு இரண்டு டின், ஒரு கை உப்பு. காய்ந்த கடலைக்கொடியை நறுக்கி வைக்கோலோடு கலந்து ராத்திரிக்கு ஒரு கட்டு. தொட்டியில் எந்நேரமும் தண்ணீர். இவ்வளவும் ஒரே நாளில் போட்டுவிடக் கூடாது, எதைப் புதிதாகக் கொடுத்தாலும் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், மாட்டு வயிறு திடீர் விருந்து தாங்காது என்று டாக்டர் மூன்று தரம் சொல்லி அனுப்பினார். அனந்தமதியின் கணவன் சாந்திராஜ் கடலை மண்டியில் எடை போடுகிறவர். புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கறக்காத மாட்டுக்கு முதல் டின்னை அவள் அள்ளியபோது, இன்னா இது கூத்து என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆவணிக் கடைசியில் செவலை ஒரு கிடேரிக் கன்றைப் போட்டது. போன ஈத்தில் அது கறந்தது இரண்டு வேளையும் சேர்த்து ஒரு படி. இந்த ஈத்தில் இருபதாம் நாள் காலையில், இரண்டு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மற்ற இரண்டைக் கறந்துகொண்டிருந்தாள் அனந்தமதி. சொம்பு நிறைந்துவிட்டது. மடி இன்னும் கனமாக இருந்தது. சொம்பில் நுரை பொங்கி அவள் முழங்காலில் வழிய, அவள் கறப்பதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாந்திராஜ் வந்து பார்த்தார். உள்ளே போய்ச் சோறு வடிக்கிற குண்டானை எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டு வேளையும் சேர்த்து இரண்டேகால் படி.

நல்ல காரியம் நடந்தால் நாலு பேர் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாளே, அதுதான் அவள் வெகுளித்தனம்.

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஐம்பது வயதுக்காரி. நல்ல மனுஷி. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து எடுத்து வருவாள், பிள்ளை அழுதால் வேலி தாண்டி வருவாள். ஒரே ஒரு குறை, நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும். பதினைந்து வருஷமாக அனந்தமதியிடம் காபிக்கு ஒரு உழக்குப் பால் வாங்குகிறாள். திடீரென்று தெருவில் ஆறேழு வீட்டுக்கு அனந்தமதி பால் ஊற்றுவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு, பத்துப் பெண்கள் நடுவில் சொல்லிவிட்டாள்.

"மாடு ஒண்ணுதான். பால் மட்டும் எப்படி ரெண்டு மடங்கு? மீதி கெணத்துல இருந்து வருது."

சாயங்காலத்துக்குள் அது தெருக்கோடி வரை போய்த் திரும்பி அனந்தமதியின் காதுக்கு வந்தது. பதினைந்து வருஷம் கொடுத்து வாங்கிப் பழகியவள். அந்த வாயா சொன்னது? சண்டைக்குப் போக அனந்தமதிக்குத் தெரியாது. இரண்டு நாள் உபவாசம் இருந்தாள். மூன்றாம் நாள் விடிந்ததும் செவலையை ஓட்டிக்கொண்டு போய் விருத்தாம்பாள் வீட்டு வாசலில் இருந்த விளக்குக் கம்பத்தில் கட்டினாள். குண்டானைக் கவிழ்த்துக் காட்டினாள். கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். தெரு முழுக்க வந்து நின்று பார்த்தது. குண்டான் நுரையோடு நிறைந்தது. விருத்தாம்பாள் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த அதிர்ச்சியைப் பார்க்க அனந்தமதிக்கே சங்கடமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தாள். விருத்தாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து விருத்தாம்பாளே சொம்போடு வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், வாங்குவாள், போவாள். புரட்டாசி போனது, ஐப்பசி போனது, கார்த்திகை தீபமும் போனது. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அனந்தமதியும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் உழக்கைச் சாய்க்கும்போது அவள் மனசு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது நிஜம்.

இதற்குள் செவலை ஊரில் பெரிய மனுஷியாகிவிட்டது. அவலூர்பேட்டைச் சந்தையில் யாரும் சீந்தாமல் நின்ற மாடு அது. இப்போது மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகிறவர்கள்கூட வழியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாட்டுப் பொங்கல் வந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தத்தில் மாடு இல்லாதவர்கள் தங்கள் வீட்டுப் பொங்கலைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊட்டுவார்கள். அந்த வருஷம் எல்லோருக்கும் செவலைதான் வேண்டியிருந்தது. கொம்பில் காவி பூசி, கழுத்தில் மாலை போட்டு அது வாசலில் நிற்க, இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். மாட்டு வயிறு திடீர் விருந்து தாங்காது என்பது அனந்தமதிக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். சாமிக்குச் சமமான மாட்டுக்குக் கொண்டுவந்ததைத் தடுக்கிறாளே என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டாள். சாயங்காலப் புண்ணாக்கைக் குறைத்துக்கொண்டால் சரியாகப் போகும் என்று மனசுக்குள் டின் கணக்குப் போட்டுவைத்தாள்.

வரிசை முடிந்த பிறகு கடைசியாக விருத்தாம்பாள் வந்தாள். தட்டு நிறைய சர்க்கரைப் பொங்கல், மேலே நெய். அனந்தமதியின் முகத்தைப் பார்க்காமல் நேராகச் செவலையிடம் போனாள். அந்தத் தட்டை மட்டும் தடுக்க அனந்தமதிக்கு மனசு வரவில்லை. செவலை தட்டு முழுவதையும் நக்கித் தின்றது. விருத்தாம்பாள் அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் போனாள்.

மறுநாள் காணும் பொங்கல். விடிந்ததும் கொட்டகைக்குப் போன அனந்தமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். செவலை படுத்திருந்தது. இடது பக்க வயிறு புடைத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. புளித்த நாற்றம். பின்பக்கமெல்லாம் தண்ணீராகக் கழிந்திருந்தது. கன்று முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. அனந்தமதி கூப்பிட்டாள். எப்போதும் அவள் குரலுக்குத் திரும்பும் காது அசையவே இல்லை. சாந்திராஜ்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கோதண்டராமன் பண்டிகை வேட்டியோடே வந்தார். மாட்டின் வயிற்றில் முஷ்டியால் அழுத்தினார். கையை எடுத்த பிறகும் அந்த இடம் பிசைந்த மாவு மாதிரி பள்ளமாகவே இருந்தது. அவர் முகம் மாறியது.

எவ்வளவு தின்றது என்று கேட்டார். அனந்தமதி சொன்னாள். இருபத்திரண்டு கைப்பிடி, ஒரு தட்டு. டாக்டர் தலையை ஆட்டினார். அந்த அளவுக்கு இவ்வளவு தூரம் வராது என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி நிலைமையைச் சொன்னார். கொஞ்சமாகத் தின்று வயிறு கெட்டிருந்தால், சோடா உப்பும் எண்ணெயும் ஊற்றினால் போதும், அறுப்பதே ஆபத்து. வயிறு முழுக்கச் சோறாக இருந்தால், விலாவை அறுத்து அள்ளி வெளியே போட்டாக வேண்டும், இல்லையென்றால் மத்தியானம் தாண்டாது. எது என்று தெரியாமல் கத்தியை வைக்க முடியாது.

அதற்குள் தெருவே கொட்டகை வாசலில் கூடியிருந்தது. நான் ஒரு கைப்பிடிதான் வைத்தேன் என்றாள் ஒருத்தி. நானும் அவ்வளவுதான் என்றாள் இன்னொருத்தி. அவர்கள் சொன்னது பொய்யில்லை. அனந்தமதியே பக்கத்தில் நின்று பார்த்ததுதான். பின்னால் இருந்து யாரோ, கண் பட்டுவிட்டது, இத்தனை பேர் பார்த்தால் மாடு தாங்குமா என்றார்கள். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பூசணிக்காய் கொண்டுவரச் சொல்லி ஒரு குரல் எழுந்தது. கண்ணாக இருந்துவிட்டால் யாரும் குற்றவாளி இல்லையே.

அனந்தமதிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"கண்ணு இல்ல. சோறு. போட விட்டது நான், பாவம் என்னோடது. யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாம இன்னும் யாராவது போட்டிருந்தா சொல்லிடுங்க. அது உசிரு."

செவலை முனகியது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு விருத்தாம்பாள் முன்னால் வந்தாள்.

"மூணு படி அரிசி" என்றாள். "ஒரு பானை. நேத்து சாயங்காலம்."

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. அவளே சொன்னாள். பொழுது சாய்வதற்கு முன்னால் அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள், கொட்டகைப் பக்கம் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பானையோடு கொல்லைப் படல் வழியாக வந்து, தொட்டியில் கவிழ்த்துவிட்டு, மாடு தின்று முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நேற்று சாயங்காலம், சுவருக்கு இந்தப் பக்கம் அனந்தமதி பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த அதே நேரம். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்று இப்போதுதான் சொன்னாள். சொல்லாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கோபம் தனக்கு வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அறுத்துடலாமா?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

"அறுங்க சார்" என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த சொல் என்ன என்று அவளுக்கு உறைத்தது.

நாலு பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி நிறுத்திக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு டாக்டர் இடது விலாவைத் திறந்தார். தலையை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும் என்றார். ஒரு பக்கம் அனந்தமதி பிடித்தாள். மறுபக்கம் விருத்தாம்பாள் பிடித்தாள். போ என்று சொல்ல அனந்தமதிக்கு வாய் வரை வந்தது, சொல்லவில்லை. டாக்டர் முழங்கை வரை கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டார். புளித்துப் பொங்கிய சோறும் வெல்லமுமாக நாலு வாளி வந்தது. அந்த நாற்றத்தில் கூட்டம் முக்கால்வாசி கலைந்துவிட்டது. இரண்டு பெண்களும் இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே மாட்டின் இரண்டு கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செவலை பிழைத்தது. மூன்றாம் நாள் வைக்கோலை மோந்தது, ஐந்தாம் நாள் அசை போட்டது. அது அசை போடுவதைப் பார்த்துச் சாந்திராஜ் அன்று மண்டிக்கே போகவில்லை. ஆனால் பால் போய்விட்டது. எட்டாம் நாள் கன்றுக்கு விட்டதுபோக அனந்தமதி கறந்தது ஒரே ஒரு உழக்கு. இந்த ஈத்தில் இனி பழையபடி வராது, அடுத்த ஈத்துக்கு முதலிலிருந்து தொடங்குங்கள் என்று தையல் பிரிக்க வந்த டாக்டர் சொன்னார்.

அந்த எட்டு நாளும் விருத்தாம்பாள் சொம்போடு வரவில்லை. வெளியிலேயே தலைகாட்டவில்லை. அனந்தமதிக்குக் கோபம் இன்னும் இருந்தது. இருந்தும் அந்த ஒரு உழக்குப் பாலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பால் கொடுப்பது ஒரு சாக்கு. அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

விருத்தாம்பாள் அடுப்படியில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பாலைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அனந்தமதி சொம்பைக் கீழே வைத்தாள்.

"தட்டு நெறைய வெச்சப்ப நான் ஒண்ணும் சொல்லலியேக்கா. அப்புறம் எதுக்கு அந்தப் பானை?"

விருத்தாம்பாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீ தண்ணி கலக்கறேன்னு தெருவெல்லாம் சொன்னேன். இல்லன்னு கண்ணால பாத்தப்புறமும் ஒருத்தர்கிட்ட போயி நான் சொன்னது தப்புன்னு சொல்லல. அதுக்கு ஒரு தட்டு பத்துமாடி?"

மூன்று மாதமாகக் காலையும் மாலையும் அனந்தமதி எதற்காகக் காத்திருந்தாளோ, அது பொங்கலாகி, பானையாகி, கொல்லை வழியாக வந்து அவள் மாட்டைக் கொல்லப் பார்த்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது.

"வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேக்கா" என்றாள்.

"அதுதாண்டி வரல" என்றாள் விருத்தாம்பாள்.